கம்பெனி கார்டும் ஐந்தாம் எண் சட்டையும்

பச்சை அட்டை போட்ட நாட்குறிப்பு ஒன்றுக்குள் இரண்டு தாள்கள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. சென்ற மாதம் பர் துபாய் வீட்டில் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவை கீழே விழுந்தன. பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் எடுத்துப் படித்தாள். கம்ப்யூட்டரில் அச்செடுத்த ஆங்கிலத் தாள்கள்; நெதர்லாந்தின் தெற்கே ஐந்தோவன் என்ற ஊரின் கால்பந்துக் குழுவைப் பற்றியவை. முதல் தாளின் ஓரமெல்லாம் பென்சிலில் என் தமிழ்: ‘விளக்குத் தொழிற்சாலை’, ‘தொழிலாளர் குடியிருப்பு’, ‘ஊழியர் மட்டும்’. இரண்டாம் தாளில் ஒரு கீறல் கிடையாது. “அப்பா, செகண்ட் பேஜ்தான் இன்ட்ரஸ்டிங்கா இருக்கு. அதை மட்டும் ஏன் விட்டுட்டீங்க?” என்று கேட்டாள். படிக்க நேரமில்லாமல் போயிருக்கும் என்றேன். அது பொய். இரண்டு தாள்களையும் கைக்கு வந்த அன்றைக்கே, ஒரே மூச்சில் படித்துவிட்டேன்.

அப்போது நான் தோஹா தொழில்பேட்டையில் ஒரு எலக்ட்ரிகல் காண்ட்ராக்ட் கம்பெனியின் டைம்கீப்பர். தொழிலாளர் கேம்ப்பில் இருந்த ஆட்களின் வருகைப் பதிவு, அறை ஒதுக்கீடு, அடையாளக் கார்டு புதுப்பிப்பு எல்லாம் என் மேசைக்கு வரும். போர்மேன் நாகர்கோவில்காரர். நாற்பதைத் தாண்டியவர், ஒல்லி, உயரம். கால்பந்தில் தடுப்பாட்டக்காரர்; கேம்ப் குழுவின் கேப்டன், ஐந்தாம் எண் சட்டை. வெள்ளிக்கிழமை மாலைகளில் கேம்ப்புக்குப் பின்னால், டிரெய்லர் லாரிகள் நிற்கும் இடத்துக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் நடுவே இருந்த மணல் வெளியில் ஆட்டம் நடக்கும். சாரப் பைப்பில் கோல் கம்பம். சைட்டில் மிஞ்சிய ஜிப்சம் தூளில் கோடு. கோடு போடுவது என் வேலை. நூல் பிடித்துத்தான் போடுவேன். “சாருக்க கோட்டுல எறும்பு ஏறினாக்கூட அவுட்டு குடுப்பாரு” என்று போர்மேன் கேலி செய்வார்.

எங்கள் சைட்டில் ஆலோசனைக் கம்பெனியின் சார்பில் ஒரு டச்சுக்காரப் பொறியாளர் இருந்தார். ஐந்தோவன் அவருடைய சொந்த ஊர். அவருடைய தாத்தா அங்கே விளக்குத் தொழிற்சாலையில் கண்ணாடிக் குமிழ் ஊதியவராம். மதிய இடைவேளையில் சிமென்ட் மூட்டைகளின் நிழலில் உட்கார்ந்து அவரும் போர்மேனும் கால்பந்து பேசுவார்கள். இவருடைய ஆங்கிலம் இருபது சொல், அவருடைய இந்தி பத்துச் சொல். மீதியைக் கைகளால் பேசிக்கொள்வார்கள். ஒருநாள் அவர் அந்த இரண்டு தாள்களையும் அச்செடுத்துக் கொடுத்தார். போர்மேன் நேராக என்னிடம் கொண்டுவந்தார். “சார், இதத் தமிழ்ல சொல்லுங்க. மெஸ்ஸுல எல்லாவனும் கேக்கட்டும்.”

அன்று மெஸ் ஹாலில், குப்பூஸ் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே நின்று முதல் தாளைத் தமிழில் சொன்னேன். நூறு ஆண்டுகளுக்கும் முன்பு, மின்விளக்கு செய்யும் ஒரு கம்பெனி தன் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய குழு அது. தொழிலாளர் வீடுகளை ஒட்டிய மைதானம். இன்று பெரிய அரங்கம் நிற்பதும் அதே இடத்தில்தான். குழுவின் பெயரிலேயே கம்பெனியின் பெயர் இருக்கிறது. தலைநகரத்துக்காரர்கள் ‘குடியானவப் பசங்கள்’ என்று இளக்காரம் பண்ண, இவர்கள் அந்த வசவையே தங்கள் பெயராக எடுத்துக்கொண்டு மைதானத்தில் கத்துகிறார்கள். முதல் கூட்டத்தில் ஒருவர் முன்னால் சிவப்புப் பழச்சாறும் வெள்ளைக் குறிப்பேடும் இருந்தன, அதனால்தான் சிவப்பு வெள்ளைச் சட்டை என்று ஒரு கதையும் உண்டு. “மெஸ் சாம்பாரு சிவப்பு, சாருக்க ரெஜிஸ்டரு வெள்ள. நமக்கும் பொருந்துதுல்லா மக்கா!” என்று போர்மேன் சொன்னதும் ஹாலே சிரித்தது. ஐரோப்பாவின் ஆகப் பெரிய கோப்பையை அந்தக் குழு வென்ற கதைதான் எல்லோருக்கும் பிடித்தது. கடைசி ஐந்து ஆட்டத்தில் ஒன்றைக்கூட நேராக ஜெயிக்கவில்லை, ஐந்தும் சமன். இறுதி ஆட்டத்தில் பெனால்டி உதைகளில்தான் கோப்பை வந்தது. “தோக்காம நின்னா போரும், பாத்தியளா?” என்றார் போர்மேன். “அவன் பல்பு செஞ்சான், நாம பல்பு மாட்டுகோம். ரெண்டும் ஒண்ணுதான்.”

முதல் தாளின் கடைசி வரி, ஆரம்ப ஆண்டுகளில் அந்தக் கம்பெனியின் ஊழியர் மட்டுமே அங்கே ஆட முடியும் என்பது. போர்மேன் கையைத் தூக்கி ஹாலை அமைதிப்படுத்தினார். “கேட்டியளா? கம்பெனி கார்டு உள்ளவன்தான் சட்டயப் போடணும். சார், இத விதி எண் ஒண்ணுன்னு எழுதுங்க.” அந்த நேரம் பார்த்து மெஸ் சமையல்காரர் பாத்திரங்களைத் தட்டி, சோறு ஆறுகிறது என்று சத்தம் போட்டார். இரண்டாம் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்தத் தாளில் இருந்தது இதுதான். ஊழியர் மட்டும் என்ற விதி அங்கே வெகுகாலம் நிற்கவில்லை. ஒரு கட்டத்தில் வெளியாட்களுக்கும் கதவைத் திறந்தார்கள். திறந்த கொஞ்ச காலத்திலேயே முதல் தேசியப் பட்டம் வந்தது. மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் விதிகளை டைப் செய்து, லேமினேட் பண்ணி, மெஸ் சுவரில் ஒட்டியும் விட்டேன். ஏழு விதிகள், எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. சுவரில் ஒட்டிய ஒன்றைப் பிய்க்க எனக்கு மனம் வராது. இது ஒரு காரணம். இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன்: கார்டு உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று சொல்கிற இடத்தில் இருந்தவன் நான் ஒருவன்தான். அந்த விதி எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் கேம்ப்பில் ‘சப்ளை ஆட்கள்’ என்று ஒரு முப்பது பேர் இருந்தார்கள். வேறொரு கம்பெனியின் விசா. எங்கள் சைட்டில் எங்கள் வேலை, எங்கள் கேம்ப்பில் கட்டில். அவர்களில் புதுக்கோட்டைக்காரர் ஒருவர், கோல்கீப்பர். முப்பது வயது இருக்கும். டிரம்மில் கேபிள் சுற்றிச் சுற்றி இறுகிய கைகள். அவர் பந்தைப் பிடித்தால் பந்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும். குழுவில் சேர வந்தபோது போர்மேன் சுவரைக் காட்டினார். அவர் விதியைப் படித்துவிட்டுச் சிரித்தார். “அண்ணே, கார்டா வந்து பந்தப் புடிக்கப் போவுது?”

“கார்டு பிடிக்காது மக்கா. ஆனா கார்டு இல்லாம நீ எந்தக் கம்பெனின்னு கேட்டா என்ன சொல்லுவ?”

“ஒங்க கம்பெனியிலதாண்ணே காலையிலேர்ந்து கம்பி இழுக்கிறேன்.”

போர்மேன் என்னைப் பார்த்தார். நான் ரெஜிஸ்டரைப் பார்த்தேன். புதுக்கோட்டைக்காரர் போய்விட்டார். அதன் பிறகு எங்கள் ஆட்டம் நடக்கும்போது லாரி டயர் மேல் உட்கார்ந்து, எதிரணி போடும் ஒவ்வொரு கோலுக்கும் ஒரு விசில் அடிப்பார். அதை நாங்கள் எல்லோரும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

அடுத்த குளிர்காலத்தில் கம்பெனிக்கு வேலை குறைந்தது. நாற்பது பேரைத் தங்கள் பதிவிலிருந்து எடுத்து, அதே சப்ளை கம்பெனிக்கு மாற்றினார்கள். யாரும் ஊருக்குப் போகவில்லை. யாரும் கட்டில் மாறவில்லை. பழைய கார்டை என்னிடம் கொடுத்துவிட்டு, புதுக் கார்டை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பட்டியல் என் மேசைக்கு வந்தபோது பதினேழாவது வரியில் போர்மேனின் பெயர் இருந்தது. பதினோரு வருடம் அந்தக் கம்பெனியில் இருந்தவர். கார்டைக் கொடுக்கும்போது, “போட்டோ பழசுல நல்லாருந்தது சார்” என்றார்.

தொழில்பேட்டையில் கேம்ப்புகளுக்குள் நடந்த போட்டியில் அந்த முறை நாங்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தோம். வியாழக்கிழமை மாலைக்குள் ஆட்டக்காரர் பட்டியலைக் கொடுக்க வேண்டும். கார்டைப் பற்றிப் போட்டிக் குழு கேட்கவே இல்லை. கேம்ப்பில் குடியிருந்தால் போதும் என்பதுதான் அவர்கள் கணக்கு. விதி எண் ஒன்று எங்களுடையது மட்டும். பட்டியலை மூன்று முறை எழுதினேன். முதல் முறை போர்மேனின் பெயரோடு எழுதினேன். பிறகு நிமிர்ந்து மெஸ் சுவரைப் பார்த்தேன். அவருக்காக விதியைத் தளர்த்தினால், டயர் மேல் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தேன். பதில் என் நாட்குறிப்புக்குள்ளேயே மடித்து வைக்கப்பட்டிருந்தது. இருவரையும் சேர்த்து எழுதியிருக்கலாம். கோல்கீப்பரும் கிடைத்திருப்பார், போர்மேனும் நின்றிருப்பார். மூன்றாம் பிரதியில் ஐந்தாம் எண்ணுக்கு நேரே வேறொரு பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை போர்மேன் மைதானத்துக்கு வந்தார். நல்ல பேன்ட், தலைக்கு எண்ணெய். கையில் இஸ்திரி போட்டு மடித்த, எங்கள் குழுவின் சிவப்பு வெள்ளைச் சட்டை. பட்டியலில் அவர் பெயர் இல்லை என்று ஆட்கள் சொல்லித் தெரிந்திருக்க வேண்டும். நான் ஜிப்சம் வாளியோடு நின்ற இடத்துக்கு வந்து சட்டையை நீட்டினார். “அஞ்சாம் நம்பரு. ரெஜிஸ்டர்ல வரவு வச்சிக்கிடுங்க சார்.” வாங்கிக்கொண்டேன். அவர் உடனே நகரவில்லை. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் இருக்கலாம், என் எதிரிலேயே நின்றார். கோட்டுக்கு உள்ளே நானும் வெளியே அவரும். நான் குனிந்து, ஏற்கெனவே நேராக இருந்த கோட்டின் மேல் இன்னொரு முறை தூள் போட்டேன். நிமிர்ந்தபோது அவர் லாரிகளின் பக்கம் நடந்துகொண்டிருந்தார். புதுக்கோட்டைக்காரர் டயரில் நகர்ந்து இடம் கொடுத்தார். ஆட்டம் சமனில் முடிந்து, பெனால்டி உதைகளில் தோற்றோம். எங்கள் கோல்கீப்பர் ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை. அன்று விசில் கேட்கவில்லை. நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் மூன்று வரி எழுதியிருக்கிறேன்: ஆட்டத்தின் முடிவு, வெப்பநிலை, ‘சட்டை எண் 5 திரும்பப் பெறப்பட்டது’.

ஆறு மாதத்தில் போர்மேன் ஊருக்குப் போனார். பிறகு ஓமானில் சலாலாவுக்கு வந்து, உள்ளூர்ப் பொறுப்பாளியான ஒரு கஃபீலின் பேரில் சின்ன எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். எனக்கும் துபாயில் வேலை கிடைத்தது. தோஹா கேம்ப்பை வேறு கம்பெனி எடுத்துக்கொண்டது. எங்கள் கம்பெனியின் பெயர்ப்பலகையே இப்போது அங்கே இல்லை. ஐந்தோவனிலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. விளக்குக் கம்பெனி தன் தலைமை அலுவலகத்தை ஆம்ஸ்டர்டாமுக்குக் கொண்டுபோய்விட்டது. அந்த ஊரில் இன்று பல்பு செய்வதில்லை. ஆனால் குழு இருக்கிறது. அந்தப் பழைய பெயரை ஊர்க்காரர்கள் வைத்துக்கொண்டார்கள். கார்டு எப்போதோ ஒழிந்துபோய், சட்டை மிஞ்சியிருக்கிறது. இதையெல்லாம் மகள் இரண்டாம் தாளைப் படித்த பிறகு நானே தேடிப் படித்தேன். நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பழைய நண்பர் ஒருவரிடம் சலாலா எண்ணை வாங்கி, போன வெள்ளிக்கிழமை காலை கூப்பிட்டேன்.

“சாரா! அடேயப்பா, எத்தன வருசம்! இப்பமும் கோடு போடுகீளா?” குரல் மாறவில்லை. குடும்பம், சர்க்கரை, ஊர் மழை என்று பத்து நிமிடம் போயிற்று. பிறகு இரண்டாம் தாளைப் பற்றிச் சொன்னேன். அதில் இருந்ததைச் சொன்னேன். அன்றைக்கே படித்துவிட்டேன் என்பதையும் சொன்னேன். அந்தப் பக்கம் கடையில் யாரோ ஃபேன் ரெகுலேட்டர் விலை கேட்கும் சத்தம்.

“அது தெரியும் சார்” என்றார்.

“எப்படித் தெரியும்?”

“கார்டு மாறுன வாரமே டச்சுக்காரர்கிட்ட போய்ச் சொன்னேன், நானே எனக்க டீமுல இல்லன்னு. அவரு சிரிச்சாரு. அந்த விதிய எங்க ஊர்ல அப்பமே தூக்கிப் போட்டாச்சேன்னாரு. ஒங்க சார்கிட்ட ரெண்டாவது பேப்பரப் பாக்கச் சொல்லுன்னாரு.”

“அப்புறம் ஏன் என்கிட்ட கேட்கல?”

கடைக்கு வந்தவரிடம் அரபியில் ஏதோ சொன்னார். “நான் எப்பிடி சார் கேக்க? அந்தப் புதுக்கோட்டக்காரன அதே விதியக் காட்டி நான்தானே வெளிய நிறுத்துனேன். அவன் அங்க டயர்ல இருக்கான். எனக்காகக் கேக்கதுக்கு எனக்கு வாய் வரல்ல.” பிறகு மெதுவாகச் சொன்னார். “நீங்க சொல்லியிருக்கலாம். சட்டயக் குடுத்துட்டு நின்னேன்லா. இப்பம் சொல்லுவாரு, இப்பம் சொல்லுவாருன்னு பாத்தேன். நீங்க கோடு போட்டிய.”

மன்னிப்பு என்ற சொல்லை எடுப்பதற்குள், “கடைல ஆளு நிக்கி சார். பொறவு பேசுவோம்” என்றார். குரலில் கோபமில்லை. இணைப்பு துண்டிக்கப்பட்டது.

மகள் எதிர் நாற்காலியில் இருந்தாள். முழுவதும் கேட்டிருக்க வேண்டும். “யார்ப்பா அது?”

“எங்க டீம் கேப்டன்.”

“வாவ், நீங்க ஃபுட்பால் ஆடியிருக்கீங்களா?”

“இல்லம்மா. லிஸ்ட் எழுதினேன்.”