திருப்ப முடியாத படகில் பெண் பார்த்தோம்

போன சனிக்கிழமை ஒரு கால்வாய்ப் படகை வாடகைக்கு எடுத்தேன். எதற்கு? என் மனைவியின் தம்பி குமரனுக்குப் பெண் பார்க்க.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்ணையும் மாப்பிள்ளையையும் கோயிலில் 'தற்செயலாக'ச் சந்திக்க வைப்போம். பிடிக்காவிட்டால் ஆள் விட்டு ஒரு சாக்குச் சொல்லி அனுப்புவார்கள். குமரனுக்கு முப்பத்தாறு வயது. இதுவரை ஐந்து சாக்குகள் வந்துவிட்டன. கோயிலில் நிற்கிற அத்தனை பேருக்கும் அது தெரியும்... அதனால்தான் இம்முறை தமிழர் யாரும் எட்டிப் பார்க்காத கால்வாய்.

ஒரு காலத்தில் நிலக்கரி ஏற்றிய படகுகள் இவை. ஏழடி அகலம், அறுபதடி நீளம். நாயோடு கரையில் நடந்த ஒரு கிழவர் எங்களை முந்திக்கொண்டு போனார்.

நகரின் அடுத்த பக்கமான ஸ்ட்ரெதமிலிருந்து வந்த பெண் வீட்டார், நானும் மனைவியும் குமரனும் இருந்த அதே படகில் 'தற்செயலாக' ஏறினார்கள். பெண் வசந்தி, நர்ஸ். கேட்ட எல்லாவற்றுக்கும் குமரன் "ஓம், ஓம்" என்றான். அவன் எஞ்சினியர் என்று நான் சொல்லி வைத்திருந்தேன். அதற்கும் ஓம்.

அரை மணி நேரத்தில் வசந்தி தகப்பனின் காதுக்குள் சொன்னாள்: "எனக்கு விருப்பமில்லை அப்பா. எல்லாத்துக்கும் தலையாட்டுறார்."

ஏழடி அகலத்தில் காதுக்குள் சொன்னால் எல்லாருக்கும் சொன்ன மாதிரிதான். குமரன் குனிந்து சப்பாத்தைப் பார்த்தான்.

சரி, படகைத் திருப்பலாம் என்று மேப்பை எடுத்தேன். அப்போதுதான் விளங்கியது — கால்வாயின் அகலத்தைவிடப் படகின் நீளம் கூட. திருப்பத் தோதான அகன்ற இடம் இன்னும் ஒன்றரை மணி நேரம் தள்ளி. வேண்டாம் என்று சொன்ன வீட்டோடு அவ்வளவு தூரம் போய், அவ்வளவு தூரம் திரும்பி வர வேண்டும். இதற்கு நம் வழக்கத்தில் ஏதாவது சாக்கு இருக்கிறதா?

ரோல்ஸ் சாப்பிட்டோம். மழை வருமா என்று பேசினோம். பிறகு லொக் வந்தது — தண்ணீரை நிரப்பிப் படகை மேலே ஏற்றும் கதவுத் தொட்டி. ஒரு கதவைத் தள்ளக் குமரன் இறங்கினான். மற்றதற்கு வசந்தி.

"இப்ப தள்ளுங்கோ," என்றாள்.

"இல்லை," என்றான் குமரன். "ரெண்டு பக்கமும் தண்ணி ஒரு மட்டத்துக்கு வரோணும். அதுக்கு முதல் ஏலாது."

"எஞ்சினியர் சொன்னால் சரிதான்."

"நான் எஞ்சினியர் இல்லை. கம்பஸில ரெண்டு வருசம் படிச்சனான். ஊரில சண்டை, பிரச்சினையில நிண்டுபோச்சு. இப்ப பிளேஸ்டோவில பெற்றோல் ஷெட்டில வேலை."

நான் மேப்பை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

வசந்தி தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "மட்டம் வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லை."

அதற்குப் பிறகு லொக்குக்கு லொக் வாக்குவாதம். இனி இழக்க என்ன இருக்கிறது என்று குமரன் நினைத்தானோ, தெரியாது... திரும்பி வரும்போது சுக்கானை எந்தப் பக்கம் திருப்புவது என்றும் இருவருக்கும் ஒத்துவரவில்லை. பொய் சொன்ன எனக்கு வெட்கமாக இருந்தது. அவனைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது.

இறங்கும்போது வசந்தி என் மனைவியிடம் சொன்னாள்: "அக்கா, அப்பாட்டை நான் சொன்னது உங்களுக்கும் கேட்டிருக்கும். அதை விடுங்கோ. யோசிச்சிட்டு நானே கோல் எடுக்கிறன்."

இன்று வியாழன். ஐந்து நாளாக எங்கள் வீட்டில் யாரும் போனைத் தொடவில்லை — லைன் பிஸியாக இருந்துவிடக் கூடாதாம்.