பட்டு கட்டிய மோட்டார்

அன்றைக்குத் தறிக்கொட்டகையில் முதலாளி இருந்தார். இரண்டாம் தறியில் அக்கா இருந்தார். கண்ணமங்கலத்திலிருந்து வந்த மோட்டார் மெக்கானிக் இருந்தார். மூன்றாம் தறிக்காரன் நான் இருந்தேன். என் மோட்டார் மேல் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. பாதுகாப்பு ஏற்பாடு அது ஒன்றுதான்.

என் தறி ஷாக் அடித்தது. பலகை மேல் நின்று, புறங்கையால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தொடுவேன். சாமி சிலையைக்கூட அவ்வளவு பயபக்தியோடு தொட்டதில்லை. சுவிட்ச் வெந்துபோய், ஒயரை நேராகக் கொடுத்திருந்தார்கள். மெயினை இறக்கினால்தான் கரண்ட் நிற்கும். இறக்கினால் நாலு தறியும் நிற்கும். பாதியில் நின்ற தறியை மறுபடி ஓட்டினால் புடவையில் குறுக்கே கோடு விழும். அக்கா தறியில் ஓடியது கல்யாணப் புடவை. சாயங்காலம் கொடுத்தாக வேண்டும்.

“மெயின இறக்காதீங்க. அப்படியே பாத்துடுங்க, ஜல்தி,” என்றார் முதலாளி.

“கரண்டோடவா? எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குதுங்க,” என்றார் மெக்கானிக்.

“ஒண்ணும் ஆவாது. நான் எத்தினி வாட்டி தொட்டுகினு இருக்கேன்!”

“அப்ப நீங்களே தொறங்க.”

முதலாளி தன் ரப்பர் செருப்பைக் கழற்றி நீட்டினார். ஒன்றில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. மெக்கானிக் அதை மாட்டிக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

நான் போய் மெயினை இறக்கினேன். மெயின் பெட்டியில் இருந்த பீஸ் கட்டை மூன்றையும் பிடுங்கி லுங்கி மடியில் கட்டிக்கொண்டேன்.

“யோவ், இன்னாய்யா பேஜார் பண்ற? கோடு விழுந்தா எவன் பதில் சொல்றது?”

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “கோடு விழுந்தா கொசுவத்துல மறச்சிக்கலாம். ஆளு விழுந்தா எந்தக் கொசுவத்துல சொருவுவீங்க?”

முதலாளி என் மடியைப் பார்த்தார். அதில் கை வைக்க அவருக்கு மனசு வரவில்லை.

மெக்கானிக் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு மோட்டார் மூடியைக் கழற்றினார். ஒயர் சேரும் இடத்தில் டேப் இல்லை. மெரூன் பட்டு நூல் சுற்றியிருந்தது. எண்ணெய் குடித்துக் கருகி, உள்ளேயிருந்த செம்பு வெளியே வந்து மூடியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“யாரு கட்டனது இது?”

முதலாளி தொண்டையைச் செருமினார். “டேப்பு இல்லாத அன்னிக்கு... சுத்தப் பட்டுங்க. கலப்பே இல்ல.”

“நான் கட்டிகினு இருக்கறது நைலக்ஸு,” என்றார் அக்கா.

மெக்கானிக் செருப்பைக் கழற்றி முதலாளியிடமே கொடுத்தார். “மத்த மூணையும் பாக்காம மெயின ஏத்த மாட்டேன்.”

அதன்பின் கோட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. நாலு மோட்டாரையும் திறந்தோம். பட்டு சுற்றிய இடங்களை அக்காதான் எண்ணினார்.

பதினொன்று.