போடாத பாதைக்கு ஒரு நன்றி

விழுப்புரம் ஜங்ஷனை ஒட்டிய வீட்டில் வளர்ந்தவன் நான். ஷண்டிங் சத்தத்துக்கு மேலே கத்தினால்தான் எங்கள் வீட்டில் இரண்டாவது தோசை கிடைக்கும். அப்படித் தேறிய தொண்டையைத் தவிர எனக்கு வேறு திறமை இருப்பதாக இதுவரை யாரும் சொன்னதில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில், திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கு வாத்தியாராகப் போனேன். அந்த ஊர் என் பாடத்தைக் கவனிக்கவில்லை, தொண்டையைக் கவனித்தது. வாடகை மைக் எந்த நிமிஷமும் படுத்துவிடும் என்பதால், வரவேற்புப் பத்திரம் வாசிக்கும் உத்தியோகமும் என் தலையில் விழுந்தது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது தெரியாமல் இருக்கலாம். தொகுதியில் என்னென்ன வேலை நடந்திருக்கிறது என்று சொல்ல எம்.எல்.ஏ. வருவார். ஊர் சார்பில் வழவழத் தாளில் அவரைப் புகழ்ந்து அச்சடித்து, கண்ணாடி போட்டு, மேடையில் வாசித்துக் கையில் கொடுக்க வேண்டும். புகழ்ச்சிக்கு நடுவே ஊரின் கோரிக்கையையும் செருகிவிடுவார்கள். அதுவும் கோரிக்கை மாதிரி தெரியக் கூடாது. ‘பள்ளிக்கூடம் ஒழுகுகிறது’ என்று எழுதினால் குற்றம் சொன்னதாகிவிடும். ‘பள்ளிக்கு ஓடு வேய்ந்த ஓங்கு புகழாளரே’ என்று எழுத வேண்டும். செய்யாததைச் செய்ததாகச் சொல்லி நன்றி தெரிவித்தால், மனிதன் கூச்சப்பட்டாவது செய்துவிடுவான் என்பது எங்கள் பெரியவர்களின் அரசியல் சாஸ்திரம். எதிராளிக்குக் கூச்சம் என்று ஒன்று இருக்கும் என நம்பிய அந்த வெள்ளை மனசை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

அந்த வருஷம் பள்ளிக்கூட ஓட்டோடு சேர்த்துக் கேட்க வேண்டியிருந்தது, காலனிக்குச் சுடுகாட்டுப் பாதை. காலனிக்காரர்கள் சொந்த நிலமில்லாத கூலிகள். அவர்கள் பிணம் புதைக்கும் இடம் ஊராரின் வயல்களுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அறுவடை முடிந்த பிறகு செத்தால் காய்ந்த வயலில் நேராகத் தூக்கிப் போய்விடலாம். பயிர் நிற்கும்போது செத்தால் வரப்பில்கூடக் கால் வைக்க விடமாட்டார்கள். ஏரிக்கரையைச் சுற்றிச் சேற்றில்தான் போக வேண்டும். முந்தின மழைக்காலத்தில் தூக்கியவர்களுக்குக் கால் வழுக்கி, பாடையோடு பிணம் ஏரியில் விழுந்தது. செத்தவரின் மகனே நீந்திப் போய் அப்பனை இழுத்து வந்தான். பட்டம் பார்த்து விதைக்கிற ஊரில், பட்டம் பார்த்துச் சாக வேண்டிய ஜனங்கள்.

பத்திரத்தில் என்ன எழுதுவது என்று முடிவு செய்யப் பள்ளிக்கூடத்தில் கமிட்டி கூடியது. காலனியிலிருந்து ஒருத்தி வந்து படிக்குக் கீழே நின்றாள். நாற்று நடும் பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி. ஊரில் யாருக்கும் பயப்படாத வாய்.

“எங்க மாமியா இப்பவோ அப்பவோன்னு படுத்துக்கினு கீதுங்க. மழைக்கு மின்ன அந்தப் பாதைய போட்ருங்கய்யா. அதையும் ஏரில போட்டுட்டுத் தேட முடியாது.”

“எழுதிடலாம், எழுதிடலாம்” என்றார் பஞ்சாயத்துத் தலைவர். இடுகாட்டுக்கு நேர்வழி அவருடைய நஞ்சையின் ஊடேதான் போகும். ஆனால் அவர் வாய்விட்டுச் சொன்ன கவலை வேறு. “மங்களகரமான மேடை. சுடுகாடுன்னு வார்த்தை வரக் கூடாது. அதைப் பாத்துக்கங்க.”

திண்டிவனத்துப் புலவர் ஒருவர் பார்த்துக்கொண்டார். ‘இறுதிப் பயணத்துக்கும் இனிய பாதை அமைத்திட்ட எங்கள் ஏந்தலே!’ என்று வந்தது. அச்சாகி வந்ததும் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

“போடாத பாதைக்கு எதுக்குங்க கும்புடு? போட்டப்புறம் கும்புட்டா கை தேஞ்சா பூடும்?”

“உனக்குத் தெரியாது. அது ஒரு நாகரிகம்” என்றார் தலைவர்.

கூட்டத்துக்கு எம்.எல்.ஏ. ஜீப்பில் வந்தார். மாலைக்கு மேல் மாலை. நான் வாசித்தேன். என் தொண்டையில் அந்த ‘ஏந்தலே’ நான்கு வயல் தாண்டியும் கேட்டிருக்கும். பிறகு அவர் எழுந்து தொகுதி நிலவரத்தைச் சொன்னார். அங்கே பாலம், இங்கே தெருவிளக்கு, அடுத்த ஊரில் மாட்டாஸ்பத்திரி என்று ஒப்பித்துக்கொண்டே வந்தவர், பத்திரத்தைக் கையில் தூக்கிக் காட்டினார்.

“உங்க ஊர்ல என்ன செஞ்சேன்னு நான் சொல்ல வேண்டியதே இல்லைங்க. பள்ளிக்கு ஓடு, காலனிக்குப் பாதை! உங்க வாத்தியாரே கணீர்னு சொல்லிட்டார்!”

முதலில் கைதட்டியவர் தலைவர். கூட்டத்தின் கடைசியில், காலனிக்காரர்கள் நின்ற இடத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“எந்தப் பாதைங்க அது? எங்க கீதுன்னு காட்டுங்க, எங்க மாமியாள ஜல்தியா கெளப்பி வுட்டுர்றேன்!”

சனம் சிரித்தது. எம்.எல்.ஏ.வும் சிரித்தார். “அம்மா தமாஷா பேசறாங்க” என்று சொல்லி, கழுத்து மாலையைக் கழற்றி அவளிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். மாலையைக் கொடுத்தார்கள். அவள் அதை அங்கேயே ஒரு எருமைக்குப் போட்டாள்.

பிறகு நான் எதுகை மோனை எதுவும் இல்லாமல் ஒரு மனு எழுதி, திண்டிவனத்தில் அதற்குரிய ஆபீசுக்குக் கொண்டு போனேன். குமாஸ்தா படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “பாதைக்கு நன்றி சொல்லிக் கண்ணாடி போட்டுக் குடுத்திருக்கீங்க. எம்.எல்.ஏ. ரூம்ல மாட்டிக் கிடக்கு. இப்ப பாதையே இல்லேன்றீங்க. எது சார் பொய்?”

பத்திரத்துக்குத் தொண்டை என்னுடையது, மனுவுக்குக் கையும் என்னுடையதுதான். ஊருக்குத் திரும்பித் தலைவரிடம் சொன்னேன். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. “அடுத்த தபா இன்னும் அழுத்தமா நன்றி சொல்லிடலாம் சார்.” அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

ஐப்பசி பிறந்தது. மழை விடாமல் அடித்த ஒரு காலையில் கிழவி போய்ச் சேர்ந்தாள். ஓங்கு புகழாளர் வேய்ந்த ஓடு வழியாகத் தண்ணீர் கொட்டியதால் பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டு நான் தாழ்வாரத்தில் நின்றிருந்தேன். பாடை வந்தது. முன்னால் மருமகள். பொம்பளைகள் சுடுகாட்டுக்குப் போவதில்லை, தெருமுனையோடு நின்றுவிடுவார்கள், அவள் நிற்கவில்லை. ஏரிக்கரைக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவும் இல்லை. நேராகத் தலைவரின் நெல்வயலில் இறங்கினாள். பாடையும் பின்னாலேயே இறங்கியது.

தலைவர் குடையோடு ஓடி வந்து எதிர் வரப்பில் ஏறி நின்றார். “ஏய்! பயிர்ல கால வெக்காதீங்க! என்ன, பேஜார் பண்றீங்களா?”

“பயிரா? இது பாதைங்க. போட்டாச்சுன்னு நீங்கதான அச்சடிச்சிக் கும்புட்டீங்க?”

“அது ஒரு மரியாதைக்குச் சொன்னதும்மா.”

“எங்க மாமியாளுக்கும் அந்த மரியாத போதுங்க.” சொல்லிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். “சாரே! நீங்கதான படிச்சீங்க? இன்னொரு தபா படிங்க. ஐயாவுக்கு மறந்துபோச்சி.”

நான் வீரன் இல்லை. தலைவர் நினைத்தால் என்னை எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போடலாம் என்பதும் தெரியும். ஆனால் அத்தனை மாதமாக நெஞ்சில் கிடந்து கொதித்தது, வாய்க்கு வர என்னிடம் அனுமதி கேட்கவில்லை. ரயில் சத்தத்தோடு ஒப்பிட்டால் மழை ஒன்றுமில்லை. “இறுதிப் பயணத்துக்கும் இனிய பாதை அமைத்திட்ட எங்கள் ஏந்தலே!” என்று மேடையில் வாசித்த அதே ராகத்தில் வாசித்தேன். கடைசியில் ‘இங்ஙனம்’ என்று சொல்லி, தலைவரின் முழுப் பெயரையும் பட்டத்தோடு சேர்த்தேன். அதுவும் அச்சில் இருந்ததுதான்.

பாடை தோளில் இருந்தபடியே நின்றது. கிழவியின் முகத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. பாதை இல்லை என்று தலைவர் சொன்னால், எம்.எல்.ஏ. மேடையில் சொன்னது பொய் என்று ஆகும். இருட்டுவதற்குள் அது திண்டிவனத்துக்குப் போய்விடும். அந்தக் கணக்கு அவருக்கும் பிடிபட்டது. பிறகு குடையை மடக்காமலே வரப்பை விட்டு இறங்கி ஒதுங்கினார். முழங்கால் சேற்றில், நிமிர்ந்து நின்ற பயிரை மிதித்துக்கொண்டு கிழவி நேர்வழியில் போனாள்.

மிதிபட்ட இடத்தில் மழை விட்டதும் மறுநடவு நடந்தது. நட்டது காலனிப் பெண்கள்தான். வேறு யார் நடுவார்கள்? ஆனால் அடுத்த சாவும் அதே வழியில்தான் போனதாம். எனக்குச் சொன்னார்கள். அதைப் பார்க்க நான் அங்கே இல்லை. பொங்கலுக்கு முன்பே என்னைக் கண்டாச்சிபுரம் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

போகும்போது எனக்கும் ஒரு பிரிவுபசாரக் கூட்டம், வழவழத் தாள், கண்ணாடி எல்லாம் நடந்தது. வாசிக்க ஆள் இல்லாமல் தலைவரே எழுந்தார். ‘தம் சொந்த விருப்பத்தின் பேரில் எம்மைப் பிரிந்து செல்லும் நல்லாசிரியரே’ என்று ஆரம்பித்தார். அவருக்குக் குரல் எழும்பவில்லை. பின்னாலிருந்து அவள் கத்தினாள்.

“கேக்கலைங்கய்யா! நல்லா சத்தமா படிங்க!”