மூளைத் துண்டும் நடைபாதைக் கல்லும்

தாம்பரத்தில் எங்கள் தெருவில் எனக்குப் பெயர் மூளை டாக்டரம்மா. நான் வைத்தியம் பார்ப்பவள் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு ஞாபகசக்தி மாத்திரை கேட்பார்கள். இல்லை என்றால் தலைக்கனம் என்பார்கள். என் வேலை மூளைச் செல்களின் மேல்தோலில் இருக்கும் நுண்துளைகளைப் பார்ப்பது. அவை திறந்தால் உப்பின் அயனிகள் உள்ளே பாயும், மூடினால் நிற்கும். அந்தப் பாய்ச்சலை, முடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயைச் செல்லில் ஒட்டவைத்து அளக்க வேண்டும். என் இளமை முழுக்க இதில்தான் போயிற்று.

அந்தப் பாய்ச்சலில் பிறக்கும் மின்சாரம் மிகமிகச் சிறியது. டியூப் லைட், லிஃப்ட், பக்கத்து அறை ஏ.சி. எல்லாமே இரைச்சலாக உள்ளே புகுந்து அதை அமுக்கிவிடும். அதனால் ஆய்வகத்துக்குப் பின்னால் எங்கள் கருவிக்கென்றே, இரைச்சலை மண்ணுக்குள் இறக்கிவிடச் செம்புக் கம்பி புதைத்த ஓர் எர்த் குழி உண்டு. வெயில் காலத்தில் அது காயாமல் நானே தண்ணீர் ஊற்றுவேன். "செடி எங்க மேடம்?" என்று வாட்ச்மேன் தினமும் கேட்பார். தினமும் விளக்குவேன்.

எலி மூளையிலேயே காலம் தள்ளினேன். வலிப்புக்குத் தரும் மாத்திரைகள் பல அந்தத் துளைகளை அடைத்துத்தான் வேலை செய்கின்றன. சிலருக்கு மட்டும் எந்த மாத்திரையும் கேட்பதில்லை. ஏன் என்று அறிய அப்படிப்பட்ட ஒருவரின் மூளையையே பார்க்க வேண்டும். அனுமதிக்காக நாயாய் அலைந்தேன். கடைசியில், துணிக்கடையில் பில் போடும் பீர்க்கன்கரணைப் பெண் ஒருத்திக்கு, வலிப்பைக் கிளப்பும் மூளைப் பகுதியை வெட்டி எடுக்க அறுவை சிகிச்சை முடிவானது. வெட்டி எடுப்பதில் ஒரு துண்டை எங்களுக்குத் தர அவளே கையெழுத்துப் போட்டாள். இன்னொன்று எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது.

வெளியே எடுத்த துண்டு சில மணி நேரம்தான் தாங்கும். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காரில் கிளம்பினேன். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோடு அசையவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்து, "இன்னா மேடம், மீனா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்க எனக்குத் தெம்பில்லை.

வந்து சேர்ந்து, துண்டை மெல்லிய சீவல்களாக்கி, குழாயை இறக்கினால் திரை முழுக்க இரைச்சல். எதை அணைத்தாலும் போகவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்த என் மாணவி வெளுத்த முகத்தோடு வந்தாள். "மேடம், குழியைக் காணோம்."

குழி இருந்த இடத்தில் சிவப்பும் மஞ்சளுமாக நடைபாதைக் கல் பதித்திருந்தார்கள். எங்கள் நிறுவனத்தைப் பார்வையிட மேலிடத்து ஆய்வுக் குழு வருகிறதாம். இந்தத் துண்டுக்காக நான் ஆஸ்பத்திரியிலேயே கிடந்த நாட்களில் காதும் காதும் வைத்த மாதிரி வேலையை முடித்திருக்கிறார்கள்.

"பள்ளமா அசிங்கமா இருந்துச்சு மேடம். விசிட் வருது இல்ல?" என்றார் பராமரிப்பு அதிகாரி.

"அதுல இருந்த செம்புக் கம்பி?"

"வெளிய நீட்டிக்கினு இருந்துச்சு, கட் பண்ணிட்டோம். யார்னா தடுக்கி வுழுந்தா?"

எனக்கு அழுகையும் கெட்ட வார்த்தையும் சேர்ந்து வந்தன. கல்லைப் பெயர்க்க எழுத்து மூலம் கோரிக்கை வேண்டும் என்றார். கடப்பாரையை எடுத்தேன். அவர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

கம்பியைத் தேடி இணைத்து இரைச்சல் அடங்குவதற்குள் செல்கள் ஒவ்வொன்றாக வீங்கிச் செத்துவிட்டன. ஒன்றே ஒன்று பிடி கொடுத்தது. சில நிமிடங்கள் அதன் துளைகள் திறந்து மூடுவதைத் திரையில் பார்த்தோம், பிறகு அதுவும் போயிற்று. ஒரு செல்லை வைத்துக்கொண்டு எந்த ஆய்விதழின் வாசலையும் மிதிக்க முடியாது. அன்று நான் வெறுத்துப்போனேன்.

சில வாரங்கள் கழித்து, துண்டைக் கொடுத்தவளிடம் வருத்தம் சொல்லலாமென்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். புறநோயாளிகள் வரிசையில் தலையில் துப்பட்டா சுற்றி அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா மேடம், அந்தத் துண்டு இன்னும் உசுரோட கீதா?"

இல்லை என்றேன். கல், கம்பி, கடப்பாரை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அத்த காப்பாத்தவா கல்ல ஒடச்சீங்க? தலைக்குள்ள இருந்துகினு என்னை பஸ்ல, பிளாட்பாரத்துல, கடையில எங்கெல்லாம் தள்ளி வுட்டுச்சு தெரியுமா? சாவட்டும் வுடுங்க மேடம்."

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆபரேஷனுக்கு அப்பால வலிப்பு ஒரு தபா கூட வரல. போன வாரத்துலேர்ந்து பாத்ரூம் கதவை தாப்பா போட்டுக்கினு குளிக்கிறேன். உள்ள வுழுந்துடுவேன்னு இத்தினி நாள் வுடாத எங்கம்மாவே போட்டுக்கச் சொல்லிச்சு."

சொல்ல வந்த வருத்தத்தைச் சொல்லாமலே, அவளுடைய டோக்கனைக் கூப்பிடும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.