எனக்கு மட்டும் ஒரு டம்ளர்

கோயம்புத்தூர் விடுதியில் என்னோடு இருந்த தோழி போன வாரம் போனில் கேட்டாள். "கோல்ட் ப்ரூ மேக்கர்னு ஒண்ணு பார்த்தேன். வாங்கலாமாடி?"

பெயர்தான் பெரிசு. மூடி போட்ட கண்ணாடி ஜாடி, நடுவில் குழாய் போல ஒரு சல்லடை, அவ்வளவுதான். சல்லடையில் கொரகொரப்பான காப்பித்தூளைப் போட்டு, ஜாடி நிறையப் பச்சைத் தண்ணீர் ஊற்றி, ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் படுத்தால் காலையில் டிகாஷன் தயார். அவள் கேட்டது ருசியைப் பற்றி. நான் வாங்கியது ருசிக்காக இல்லை. அடுப்பைப் பற்றவைக்காமல் காப்பி குடிக்கலாம் என்பதற்காக வாங்கினேன்.

எங்கள் வீடு நாகல் நகரில். கீழே புளி மண்டி, மேலே நாங்கள். நத்தத்திலிருந்தும் ரெட்டியார்சத்திரத்திலிருந்தும் புளி கொண்டு வருகிறவர்கள் மாமனாரோடும் என் கணவரோடும் விலை பேச உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் படிக்கட்டு வழியாகக் குரல் ஏறி வரும். "மேல, நாலு காப்பி." யாருக்கு என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் காப்பி என்பது ஊருக்கே பொதுவான பொருள்.

கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு மத்தியானம், எனக்குக் காப்பி போட்டுக்கொள்ள ஒரு டம்ளர் பாலை அடுப்பில் வைத்தேன். அத்தை வந்து எட்டிப் பார்த்தார். அவருக்குக் கோபமெல்லாம் இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

"ஒரு ஆளுக்காகவா அடுப்பப் பத்த வச்ச?"

கேட்டுக்கொண்டே பாத்திரத்தில் மீதிப் பாலையும் ஊற்றினார். மாமாவுக்கு ஒன்று, கணவருக்கு ஒன்று, கீழே சாக்கு தைக்கிறவருக்கு ஒன்று, வந்திருந்த வியாபாரிக்கு ஒன்று. எல்லாருக்கும் ஆற்றிக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் என் பங்கில் ஏடு படிந்திருந்தது. அடுப்பு எரிந்தால் எல்லாருக்கும் எரிய வேண்டும் என்பது அந்த வீட்டின் சட்டம். யாரும் எழுதி வைக்கவில்லை, அதனால் மாற்றவும் முடியாது.

எனக்கோ வீட்டிலிருந்தே வேலை. படுக்கையறை ஜன்னலோரம் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, எங்கோ இருக்கிற ஆஸ்பத்திரிகளின் பில்களைச் சரிபார்க்க வேண்டும். வீட்டில் இருப்பவள் சும்மாதான் இருப்பாள் என்பது மண்டியில் எல்லாருடைய எண்ணம். மீட்டிங்கில் இருக்கும்போதுகூடக் கதவு தட்டப்படும். மத்தியானம் ஒரு டம்ளர் காப்பியோடு, யாருக்கும் பங்கு வைக்காமல், கம்பி வழியே தெருவைப் பார்த்துக்கொண்டு செத்த நேரம் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கேட்பவர்களுக்கு இது ஒரு ஆசையா என்று இருக்கும். எனக்கு அது இல்லாமல் மூச்சு முட்டியது.

காப்பித்தூள் கடைக்காரர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "சிக்கரி வேணாமா? கொரகொரன்னு வேற அரைக்கணுமா? டிகாஷன் எறங்காதும்மா, பெறகு என்னயத்தான் வைவீங்க" என்றார். நான் வையமாட்டேன் என்று சொல்லி வாங்கி வந்தேன். முதல் தடவை ஊறிய காப்பியில் ஐஸும் கொஞ்சம் பாலும் சேர்த்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கீழே லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். என் பெயரை யாரும் கூப்பிடவில்லை. வாங்கிய காசு அன்றைக்கே வசூலாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் கண்ணாடி ஜாடியை எங்கே ஒளிப்பது? ஃப்ரிட்ஜைத் திறந்தால் அதுதான் முதலில் கண்ணில் படும். நான் மீட்டிங்கில் இருந்த ஒரு நாள் கீழேயிருந்து குரல் வந்தது. மருமகள் முன்கூட்டியே டிகாஷன் இறக்கி வைத்திருக்கிறாள் என்று அத்தை பூரித்துப் போய், பாலைக் காய்ச்சி, மொத்தத்தையும் அதில் ஊற்றிக் கொடுத்தனுப்பிவிட்டார். நத்தத்து வியாபாரி இரண்டாவது டம்ளர் கேட்டாராம். அதுகூடப் பரவாயில்லை. சாயங்காலம் மாமா படியேறி வந்து சொன்னதுதான் என்னை மாட்டிவிட்டது.

"தாயி, இன்னைக்குக் காப்பி குடிச்சும் எனக்கு நெஞ்சு எரியல. இனிமே இதையே போடு."

நெஞ்செரிச்சலோடு வருஷக்கணக்காக அவதிப்படுகிற மனிதரிடம் அது என்னுடையது என்று எந்த வாயால் சொல்வது? அன்றிலிருந்து விளக்கணைக்கப் போகும்போதெல்லாம் "ஊறப் போட்டுட்டியா?" என்று ஒரு குரல் வரும். சல்லடைக் கண்களில் அடைத்த தூளைப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்து எடுப்பதும் என் வேலையானது. என் கணவர் தன் பங்குக்கு, என் பிறந்தநாளுக்கு அதே ஜாடியில் ஆகப் பெரியதை வரவழைத்தார். "ஒனக்குத்தான் இது ரொம்பப் பிடிக்குமே" என்று அவர் சிரித்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் வருகிறது என்று நினைத்துக்கொண்டார்.

அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. தப்பு காப்பியில் இல்லை, ஜாடியில். தூளை ஒரு சொம்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டினாலும் அதே காப்பிதான் வருகிறது. வடித்ததைப் பழைய தேன் பாட்டிலில் ஊற்றி, ஃப்ரிட்ஜ் கதவில், கடைசித் தட்டில் வைத்தேன். அத்தை என்னவென்று கேட்டார். கஷாயம் என்றேன். உடம்புச் சூட்டுக்கு, பச்சைத் தண்ணீரில் ஊறப்போடுவது, தெரிந்தவர்கள் சொன்னார்கள் என்று வாய்க்கு வந்ததைச் சேர்த்துக்கொண்டேன். எந்த வீட்டிலும் கஷாயத்துக்கு யாரும் பங்கு கேட்பதில்லை.

அது நல்ல காலம். மத்தியானமானால் கதவைச் சாத்திக்கொண்டு என் கஷாயத்தைக் குடிப்பேன். வெளியே வரும்போது மறக்காமல் முகத்தைச் சுளித்துக்கொள்வேன். என் காப்பியை நானே கசப்பென்று நடித்துக் குடிக்க வேண்டியிருந்தது, ஆனாலும் குடித்தேன்.

போன மாதம் ஒரு மத்தியானம் வழக்கம்போல டம்ளரில் ஐஸைப் போட்டுப் பாட்டிலைச் சாய்த்தேன். ஊற்றியது கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு வாய் குடித்ததும் நாக்கு கசந்து சுருண்டது. அசல் நிலவேம்பு. மிளகும் சுக்கும் தட்டிப்போட்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் அறை வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் செருகிய முந்தானையில் கையைத் துடைத்தபடி.

"பச்சத் தண்ணியில ஊறுனா அதுல என்னத்தா வீரியம் இருக்கும்? கஷாயம்னா காச்சணும். அம்புட்டு வேலைக்கு நடுவுல ஒனக்கு எங்க நேரம்? அதான் பழசக் கொட்டிட்டு நானே போட்டேன்."

"எதுக்கு அத்தை உங்களுக்குச் சிரமம்?"

"என்ன சிரமம்? குடி. நான் இருக்கேன்."

பெரிய ஜாடியும் ஊறிக்கொண்டிருந்தது, மாமாவுக்கும் நத்தத்துக்காரருக்கும். போன வாரம் கேட்ட தோழிக்கு நான் வாங்காதே என்றுதான் சொன்னேன். ஏன் என்று கேட்டாள்.

அன்றைக்கு அத்தை அங்கேயே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோளுக்குப் பின்னால் சமையலறை தெரிந்தது. அடுப்பின் மேல் ஒரு சின்னஞ்சிறு கிண்ணம், அதில் இன்னும் ஆவி. வேறு டம்ளர் எதுவும் எடுத்து வைக்கப்படவில்லை. இந்த வீட்டுக்கு வந்த பிறகு, ஒரே ஒரு ஆளுக்காக அடுப்பு பற்றவைக்கப்பட்டது அன்றைக்குத்தான். நான் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.