ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்

திருக்குடும்பத் திருவிழா ஞாயிறன்று எங்கள் கோயிலில் ஒரு சின்னக் கலவரம்.

கிறிஸ்துமஸ் முடிந்து வரும் ஞாயிறு அது. பங்குச் சாமியார் புதியவர், இளைஞர். பூசை தொடங்குவதற்கு முன் மைக்கைப் பிடித்தார். "இன்னைக்கு எல்லாரும் குடும்பம் குடும்பமா சேர்ந்து உக்காருங்க!"

அவ்வளவுதான். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் இலுப்பூர்ப் பக்கக் கோயில்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். புருஷன் பெண்டாட்டி கோயிலுக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவது கல்யாணத்தன்று மட்டும்தான். அன்றைக்கும் போட்டோகிராபர் சொன்னதால்தான் நெருங்கி உட்கார்ந்திருப்போம்.

சாமியார் மறுபடி சொன்னார். ஆண்கள் எழுந்து மனைவியைத் தேடி எங்கள் பக்கம் வந்தார்கள். அதே நேரம் பெண்கள் எழுந்து கணவனைத் தேடி அந்தப் பக்கம் போனார்கள். எல்லாரும் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால்... மறுபடியும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்! சாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இந்தக் களேபரத்தில் நான் மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. காரணம், என் வீட்டுக்காரரோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

விஷயம் இதுதான். என் அப்பா ஆவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருந்தார். அம்மா இல்லை. தம்பி சிங்கப்பூரில். மழைக்காலத்தில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு எதுவும் முறியவில்லை, ஆனால் தைரியம் முறிந்துவிட்டது. தனியாகக் குளிக்கப் பயம். கூட வந்து இருங்கள் என்று நான் கூப்பிட்டால், "மக வீட்டுல வந்து ஒக்காந்து திங்கிறதா?" என்று ஆரம்பித்துவிடுவார். கெஞ்சிக் கூத்தாடியதில் ஒருநாள் இறங்கி வந்தார்.

"மாப்ள ஒரு வார்த்தை கூப்புடட்டும். வாரேன்."

ஒரு வார்த்தை! எங்கள் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள், அவள் அறை சும்மாதான் கிடக்கிறது. என் வீட்டுக்காரர் வீட்டு முன்பக்கத்திலேயே உரக்கடை வைத்திருக்கிறார், நாள் முழுக்க வீட்டோடு இருப்பவர். நான்தான் காலையில் பள்ளிக்கூடம் போனால் சாயங்காலம் திரும்பும் டீச்சர். ஆகவே துள்ளிக்கொண்டு போய் இவரிடம் சொன்னேன்.

இவர் யூரியா மூட்டையின் வாயை இழுத்துக் கட்டினார். அப்புறம் சொன்னார்: "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன், ரோசி."

நீங்களே சொல்லுங்கள்... 'இடம் இல்லை' என்றால் சண்டை போடலாம். 'உன் அப்பாவை எனக்குப் பிடிக்கவில்லை' என்றால் இன்னும் நன்றாகப் போடலாம். ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன் என்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது? ஆண்டவரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை என்றால் நான் யாரிடம் போய் முறையிடுவது?

இவர் பெயர் அந்தோணிராஜ். எங்கள் பங்குக் கோயிலில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனிதர் என்பார்கள். தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்துக்கு நாற்காலி போடுவது இவர். திருவிழாவுக்குச் சப்பரம் தூக்குவது இவர். டிசம்பர் பிறந்ததும் சாக்குக்குப் பெயின்ட் அடித்து மலை செய்து, வைக்கோல் பரப்பி, சீரியல் லைட் கட்டி, குழந்தை இயேசு பிறந்த குடில் போடுவதும் இவர்தான். அந்த மாதம் முழுக்க சாயங்காலமானால் கோயிலில்தான் கிடந்தார். நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏங்க, ஒங்க குடில்ல கழுதைக்குக்கூட எடம் இருக்கு. எங்க அப்பாவுக்கு?"

"ஜெபம் பண்ணிக்கிட்டுத்தானே இருக்கேன்."

பிரசவ நேரத்தில் இடம் தேடி வந்த மாதாவுக்கும் சூசையப்பருக்கும் சத்திரத்தில் இடமில்லை என்றவனும், அதற்கு முன் இப்படித்தான் ஏதாவது சொல்லியிருப்பான் என்று எனக்குத் தோன்றியது. அன்றோடு பேச்சை நிறுத்தினேன். தட்டை மேசையில் வைக்கும் சத்தம் மட்டும்தான் எங்களுக்குள் பேச்சு.

அந்த நிலையில்தான் அந்த ஞாயிறு. அசையாமல் இருந்த என் பக்கத்தில் இவர் வந்து உட்கார்ந்தார். பெஞ்சின் நுனியில், பஸ்ஸில் அந்நியப் பெண் பக்கத்தில் உட்காருவது போல.

பிரசங்கத்தில் சாமியார் சொன்னார்: புனிதர் ஆவதற்குப் பாலைவனம் போக வேண்டாம். அடுப்படியில் ஆகலாம், வயலில் ஆகலாம், கடையில் ஆகலாம். வீட்டில் செய்கிற சின்ன வேலையையும் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தால் அதுவும் ஜெபம்தான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குக் குழப்பம். அன்று காலையில் பல்லைக் கடித்துக்கொண்டு அரைத்தேனே தேங்காய்ச் சட்னி... அது எந்தக் கணக்கு? ருசியாக வேறு இருந்தது!

அடுத்து, நான் பயந்துகொண்டிருந்த கட்டம் வந்தது. "ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்வோம்."

வழக்கமாக இந்த இடத்தில் முன்னால் திரும்பி, பின்னால் திரும்பி, கை குவித்து, பெண்கள் எல்லாருக்கும் சமாதானம் சொல்லிவிடுவேன். அப்போதுதான் உறைத்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஊரில் பாதிப் பேருக்கு நான் சமாதானம் சொல்லியிருக்கிறேன். இவருக்கு ஒருதடவைகூடச் சொன்னதில்லை. இவரும் எனக்குச் சொன்னதில்லை. எத்தனை சண்டையோடு கோயிலுக்குள் வந்து, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, அப்படியே சாமியார் கையால் நற்கருணை நன்மை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறோம்! யாருக்கும் தெரியாது. எங்களுக்கே தெரியாது.

இவர் என் பக்கம் திரும்பிக் கை குவித்தார். "சமாதானம்."

எனக்குக் கை குவிந்துவிட்டது. பழக்கதோஷம். வாய்தான் வரவில்லை. சொன்னால் அப்பா விஷயத்தை விட்டுக்கொடுத்த மாதிரி ஆகுமா? சொல்லாமல் எப்படிப் போய் நன்மை வாங்குவது?

"எனக்குப் பயமா இருக்கு, ரோசி" என்றார் இவர், மெதுவாக.

பூசை முடிந்து பைக் அருகில் நின்று மீதியைச் சொன்னார். "எங்க அப்பா படுக்கையில கெடந்தப்ப அண்ணந்தான் எல்லாம் பாத்தாரு. நான் வாசல்ல நின்னு ஜெபமாலை சொல்லிக்கிட்டிருந்தேன். ஒரு துணிகூட மாத்திவிட்டதில்ல. மாமா ஒன்னக் குளிப்பாட்ட விடுவாரா? விடமாட்டாரு. நான்தான் செய்யணும். எனக்கு வராது. ஏடாகூடமா ஏதாச்சும் பண்ணி அவரு முன்னாடி அசிங்கப்பட்டுருவேன்."

சப்பரம் தூக்குகிற தோள். ஒரு வாளிக்கும் ஒரு மக்குக்கும் பயப்படுகிறது!

"அப்ப இத்தன நாளு ஜெபத்துல என்னதான் கேட்டீங்க?"

தலையைக் குனிந்துகொண்டார். "நீயா வேணாம்னு சொல்லிரணும்னு."

வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது. இரண்டில் எதை முதலில் வெளியே விடுவது என்று தெரியாமல் நின்றேன். கடைசியில், "எனக்கும் பயமாத்தான் இருக்கு. வண்டியை எடுங்க" என்றேன்.

அப்பா வீட்டு வாசலில் இவர் செருப்பைக் கழற்றாமலே பேச ஆரம்பித்துவிட்டார். கழற்றினால் தைரியம் போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ.

"மாமா, நம்ம வீட்டுக்கு வந்துருங்க. எனக்கு ஒண்ணும் சரியாச் செய்ய வராது. கோவிச்சுக்கக் கூடாது."

அப்பா இவரை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்கென்ன மாப்ள. எனக்கும் குளிப்பாட்டிவிட்டுக்கிட்டுப் பழக்கமில்லையே."

அந்த வாரமே காரில் கூட்டி வந்துவிட்டோம். முதல் நாள் குளியலறைக்கு வெளியே துண்டோடு நின்றேன். உள்ளே வாளி உருண்டது, மக் விழுந்தது. "அங்கிட்டு இல்ல மாப்ள, இங்கிட்டு!" என்று அப்பாவின் குரல். அப்புறம் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம். நான் அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன்.

போன ஞாயிறு பூசைக்கு முதல் மணி அடித்தது. இவர் அப்பாவோடு குளியலறையில். இரண்டாம் மணியும் அடித்தது. மணிக்கு முன்பே கோயிலில் நிற்கிற மனுஷன்!

"ஏங்க, நேரமாச்சு!"

"இரு, இன்னும் முதுகு தேய்க்கல."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சுவிசேஷம் வாசித்து, பிரசங்கமே முடிந்திருந்தது. கோயிலில் பழையபடி ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சுவிசேஷம் வாசித்த பிறகு வந்தால் பூசை கண்டதாகக் கணக்கில்லை என்று ஞானோபதேச வகுப்பில் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆனால் வீட்டு வேலையும் ஜெபம் என்று இந்தச் சாமியார் சொல்கிறார். அப்படியானால் அன்று காலை இவர் செய்தது ஜெபமா, பாவமா? சாமியாரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா?

"இதெல்லாம் பாவத்துல சேராது" என்கிறார் இவர்.

"கண்டிப்பா சொல்லுங்க மாப்ள" என்கிறார் அப்பா. "என் கண்ணுல சோப்பு போட்டதையும் சேத்து!"