சூசை அண்ணன் போட்ட ரிங்

சூசை அண்ணன் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் பழங்காநத்தத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடிப்படியைக் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தேன். மல்யுத்த ரிங்கின் நீள இரும்பு அந்தத் திருப்பத்தில் திரும்புமா என்று பார்க்க வேண்டியிருந்தது. போனில் முத்துப்பாண்டி, நம் குழுவில் சண்டை போடுகிற பிள்ளை. "சித்தப்பா, காலையில டீயைக் குடிச்சிட்டு கிளாஸைக் கீழ வச்சவரு அப்படியே சாஞ்சிட்டாரு" என்றான். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். பிறகு மறுபடி மேலே ஏறி, விட்ட அளவை எடுத்தேன். பாதியில் விட்டுவிட்டுப் போனால் அவருக்குப் பிடிக்காது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். மல்யுத்த ஷோ பார்க்க வருகிறவர்களுக்கு அண்ணன் முகம் தெரியாது. ரிங்கைப் பூட்டுகிற, கயிறு இழுக்கிற, அதில் விழுந்து எழுகிற உங்களுக்குத் தெரியும். கப்பலூர்ப் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவர். நம் ரிங்கின் சட்டம் முழுவதும் அவர் பற்றவைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஷோ என்றால் சர்ச்சில் முதல் பூசை பார்த்துவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் லாரியடியில் நிற்பார்.

இடம் பார்க்கப் போனால் அவரைப் பேசி மடக்க முடியாது. ஒரு மண்டபத்துக்காரர் ஏசி, லைட், சாப்பாட்டுக் கூடம் என்று சுற்றிக் காட்டினார். அண்ணன் அண்ணாந்து மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க மாப்பிள்ளை உக்காந்திருப்பாருங்க. எங்க மாப்பிள்ளையை ஒருத்தன் தலைக்கு மேல தூக்குவான்" என்றார். மண்டபத்துக்காரரும் அண்ணாந்து பார்த்தார். காப்பி கொடுத்து எங்களை அனுப்பிவைத்தார்.

அவர் தப்பே செய்யாதவர் என்று சொன்னால் அவரே எழுந்து வந்து சிரிப்பார். திருமங்கலம் பக்கம் ஒரு மைதானத்தில் நடந்த ஷோ உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். முத்துப்பாண்டிக்கு இடுப்புப் பிடித்திருந்தது. பகலில் மாட்டுத்தாவணி பூச்சந்தையில் மூட்டை தூக்குகிறவன்; இடுப்பு போனால் இரண்டு பிழைப்பும் போகும். ஆனால் அது அவன் சொந்த ஊர்ப்பக்கம், சுவரொட்டியில் அவன் படம். கடைசிச் சண்டை என்னுடையதுதான் என்று பிடிவாதமாக நின்றான். நாங்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அண்ணன், ரிங்குக்கு அடியில் இருந்த காலியிடம் முழுவதும் தேங்காய் நார் மூட்டைகளைத் திணித்து, சுற்றித் துணியை இறக்கிவிட்டார். பிள்ளை மெத்தென்று விழட்டும் என்ற நினைப்பு.

முதல் சண்டையில் ஒருவன் தூக்கி எறியப்பட்டான். டமார் என்று கேட்கவேண்டிய இடத்தில் பொத்தென்று ஒரு சத்தம். "மெத்தைக் கடை திறப்பு விழாவாய்யா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்க, மைதானமே சிரித்தது. விழுந்தவன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து, கட்டாந்தரையில் விழுந்த மாதிரி இருக்கிறது என்றான். அண்ணன் முகம் செத்துவிட்டது. ரிங்கில் பஞ்சு கொஞ்சம்தான். பலகை கீழே இறங்கி மேலே வருவதுதான் உடம்பைக் காப்பாற்றுகிறது. அந்தச் சத்தமும் அதிலிருந்துதான் வருகிறது. பலகை இறங்கவே வழியில்லாமல் மூட்டை அடைத்திருந்தார்.

"மாப்ள, பிள்ளைக்கு மெத்தை போடுறேன்னு சிமெண்டைப் போட்டுட்டேன்டா" என்றார் என்னிடம்.

ஷோவை நிறுத்தினால் நாற்காலி பறக்கும் என்று நடத்துகிறவர் கையை விரித்துவிட்டார். முத்துப்பாண்டியின் சண்டைக்கு முன்னால் இன்னும் ஒன்றுதான் இருந்தது. அது நடக்கும்போதே அண்ணனும் நானும் துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே புகுந்தோம். மேலே இரண்டு தடியர்கள் மோதுகிறார்கள், கீழே நாங்கள் மூட்டையை இழுக்கிறோம். மூட்டை குறையக் குறையப் பலகை நன்றாக இறங்கியது. எங்கள் தலைக்கும் நெருங்கி வந்தது. ஒவ்வொரு அடிக்கும் அண்ணன் "சரியாகுது மாப்ள, சரியாகுது" என்று தலையைத் தடவிக்கொண்டார். மைக் பிடித்தவர் கெட்டிக்காரர். ரிங்குக்கு அடியிலிருந்து மர்ம மூட்டைகள் வருகின்றன என்று அறிவித்தார். கூட்டம் விசிலடித்தது.

கடைசி மூட்டையும் வெளியே போனது. அண்ணன் வெளியே வரவில்லை. நடுப்பலகைக்குக் கீழே மண்ணில் ஒட்டிப் படுத்துக்கொண்டார். முத்துப்பாண்டியைத் தூக்கிப் போட்டபோது மைதானம் அதிர்ந்தது. அவன் மயங்கிக் கிடக்கவேண்டிய கட்டம்.

"பாண்டி, இடுப்பு எப்படிடா இருக்கு?" என்றார் அண்ணன், கீழேயிருந்து.

"நல்லாருக்குய்யா" என்றான் மயங்கிக் கிடந்தவன்.

முன்வரிசை முழுக்க அதைக் கேட்டுவிட்டது. அம்புட்டுச் சிரிப்பை எந்தச் சண்டைக்கும் நான் கேட்டதில்லை. மறுநாள் காலையில் முத்துப்பாண்டி வழக்கம்போல் சந்தைக்குப் போனான்.

அதற்குப் பிறகுதான் அண்ணன் அந்த வழக்கத்தை வைத்தார். ரிங் பூட்டி முடிந்ததும் அவர் மேலே ஏறி, கையை விரித்து, மல்லாக்க விழுவார். அதுவரை யாரும் காலை வைக்கக்கூடாது. "நம்ம முதுகு சொன்ன பெறகுதான் பிள்ளைக முதுகு" என்பார். வயதாகிவிட்டதே அண்ணே, மணல் மூட்டையைப் போட்டுப் பார்க்கலாமே என்றேன். "மூட்டைக்கு வலிச்சா சொல்லுமா மாப்ள?" என்று கேட்டுவிட்டு விழுந்தார்.

அவரை அடக்கம் செய்த பிறகு மேலூர்ப் பக்கம் ஒரு ஷோ. ரிங் தயாராகிவிட்டது. ஒருவரும் ஏறவில்லை. பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். முத்துப்பாண்டி என்னைப் பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, கயிற்றுக்கு நடுவில் ஒரு காலை நுழைத்து, இன்னொரு காலை அவர்கள் தூக்கிவிட, ஏறினேன். கையை விரித்து விழுந்தேன். இடது தோளுக்குக் கீழே ஒரு பலகை தூக்கியிருந்தது. படுத்தபடியே சொன்னேன். இறுக்கினார்கள். மறுபடி விழுந்தேன், சரியாக இருந்தது.

அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த முதல் விழுகைதான். என் இடுப்பு தாங்குகிற வரைக்கும் அதை வேறு யாருக்கும் கொடுப்பதாக இல்லை.